இருநூற்றுப் பதினேழாவது

கண்ணாடிக் கடைக்காரரின் நெஞ்சில் பாய்ந்த சில்லு விரல் நீளம்தான். ஆனால் அது கிழித்த இடம் இதயம்.

சர்ஜன் மேல்மாடியில் வேறொருவரின் வயிற்றைத் திறந்து வைத்திருந்தார். அவர் இறங்கி வரப் பத்து நிமிடம் ஆகும்.

இவருக்கு இரண்டு நிமிடம்கூட இல்லை.

கதவோரம் அவருடைய மனைவி, ஒற்றைச் செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றாள். அவருடைய செருப்பு.

"கத்தி குடுங்க," என்று கை நீட்டினாள் பட்டாளத்தம்மா.

ராணுவ டாக்டர். கைப்பழக்கம் விட்டுப் போய்விடக் கூடாது என்று ஒரு மாதத்துக்கு எங்கள் அவசரப் பிரிவுக்கு அனுப்பியிருந்தார்கள். மூன்று நாளில் ஒரே ஒரு முழங்காலுக்குத் தையல் போட்டிருந்தாள். சண்டையே இல்லாத நாட்டில் பட்டாளத்து டாக்டருக்கு என்ன வேலை, ஈ ஓட்டுவதா என்று காலையில் சிரித்தோம். ஆரம்பித்து வைத்தது தலைமை நர்ஸான நான்.

"இதுக்கு முன்னாடி செஞ்சிருக்கீங்களா மேடம்?"

"இருநூத்திப் பதினாறு தடவை, அக்கா."

கொடுத்தேன்.

விலா எலும்புகளுக்கு நடுவே ஒரே கோடு. குபுக்கென்று ரத்தம் பொங்கியது. உள்ளே எதுவும் தெரியவில்லை.

அவள் கண்களை மூடிக்கொண்டாள்.

கை மட்டும் உள்ளே போனது. இருட்டில் தன் வீட்டு ஸ்விட்சைத் தேடுகிற மாதிரி, தடுமாறாமல்.

பொங்கியது நின்றது. ஓட்டையை விரலால் அடைத்துவிட்டாள்.

திரையில் செத்துக் கிடந்த கோடு ஒரு துள்ளு துள்ளியது. இன்னொன்று. அவள் கண் திறந்தாள். முதன்முதலாகக் கடலைப் பார்க்கும் குழந்தையின் முகம்.

சர்ஜன் ஓடி வந்து, அந்த விரலைச் சுற்றியே தைத்து முடித்தார். விரலை எடுத்ததும் அவள் ஓரடி பின்வாங்கி, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினாள்.

"முடிஞ்சுது. நேரம்?"

யாருக்கும் எதுவும் புரியவில்லை.

கதவருகே போய், "இருக்காரும்மா," என்றேன். செருப்பு கீழே விழுந்தது.

பட்டாளத்தம்மா கை கழுவாமல் குழாயடியில் நின்றிருந்தாள்.

"அந்த இருநூத்திப் பதினாறு பேரும் பொழைச்சாங்களா மேடம்?"

"எல்லாம் ரப்பர் பொம்மைங்க அக்கா. விளக்கை அணைச்சிட்டு, நேரம் வச்சுப் பயிற்சி."

தன் ஆள்காட்டி விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுங்க ஒரு தடவைகூட உள்ளேருந்து திருப்பித் தட்டினதில்ல."