உன் வீட்டில் யார் யார்?

மூன்றாவது வரிசையில் அவளுடைய தம்பி உட்கார்ந்திருந்தான்.

அவள் பாட்டு பாதியில் நின்றது. தண்ணீர் பாட்டிலை எடுத்து, தொண்டையைச் செருமி, சமாளித்தாள். எதிரே எண்பது பேர். மக்கள் பாட்டுத் திருவிழாவின் இரண்டாம் நாள், காலைப் பயிற்சி. ஒருவர் பாட்டாகக் கேட்பார், ஒருவர் பாட்டாகப் பதில் சொல்வார், கூட்டம் கை தட்டி அதைத் திருப்பிப் பாடும். பாடத் தெரியாதவர்கள்தான் வருவார்கள். அதனால் நன்றாகவே நடக்கும்.

ஆறு வருடம் ஆகிவிட்டது. மீசை வைத்திருந்தான்.

அவன் தானாக வருகிற ஆள் இல்லை. கடைக்குப் போய் வா என்றாலே மூன்று தரம் சொல்ல வேண்டும். யாரோ அனுப்பித்தான் வந்திருக்கிறான். யாரோ என்ன யாரோ, அம்மாதான்.

நர்ஸ் படிப்பைக் கடைசி வருடத்தில் விட்டுவிட்டு இவள் பாட்டுக் குழுவோடு கிளம்பியபோது, "பாடிக்கிட்டே போ. என் மூஞ்சியில மட்டும் முழிக்காதே" என்றவள் அம்மா. மகளும் லேசுப்பட்டவள் இல்லை. போன் நம்பரை மாற்றிக்கொண்டாள். கூப்பிட்டுத் திட்டக்கூட வழியில்லாமல் செய்தாள். அப்புறம் தினமும், கூப்பிட்டுத் திட்டமாட்டாளா என்று ஏங்கினாள்.

இப்போது ஆள் அனுப்பியிருக்கிறாள். கல்லும் கரையும்தான் போல.

"என்ன டீச்சர், மறந்துடுச்சா? பிட்டு எழுதித் தரவா?" என்றார் முன்வரிசையில் இருந்த பஸ் டிரைவர்.

கூட்டம் சிரித்தது. அவளும் சிரித்துவிட்டுக் கேள்வியை எடுத்தாள்.

உன் வீட்டில் யார் யார்?

மாதிரிக்கு முதல் பதிலை எப்போதும் அவளே பாடுவாள். நாலு துண்டு, துண்டுக்கு ஒரு தட்டு. அம்மா இருக்கா, அப்பா இருக்கார், தம்பி இருக்கான், நான்தான் இல்லே. எத்தனையோ கூடங்களில் பாடிய வரி. கடைசித் துண்டுக்கு எல்லா இடத்திலும் சிரிப்பு விழும். இங்கேயும் விழுந்தது.

தம்பி சிரிக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கூச்சம் என்று நினைத்துக்கொண்டாள்.

மைக் கைமாறிப் போனது. பொண்டாட்டி இருக்கா, மாமியார் இருக்கா, டிவி இருக்கு, ரிமோட் இல்லே என்றார் டிரைவர். எண்பது பேரும் அவருடைய ரிமோட்டுக்காகப் புலம்பினார்கள். அடுத்து ஒரு பெண்மணி. பூனை இருக்கு, பூனை இருக்கு, பூனை இருக்கு, நான் இருக்கேன். முதலில் சிரித்தார்கள். திருப்பிப் பாடும்போது சத்தம் குறைந்துபோனது.

மைக் தம்பியிடம் வந்தது. அவன் அதை அடுத்தவரிடம் தள்ளப் பார்த்தான்.

அவள் விட்டிருக்கலாம். பயிற்சி முடிந்ததும் வெளியே வராந்தாவில் நிறுத்திக் கேட்டிருக்கலாம். ஆனால் நேரில் கேட்டால் குரல் உடையும். பாட்டில் கேட்டால் பாட்டு தாங்கிக்கொள்ளும். அம்மா இருக்கா என்று அவன் வாயால் ஒரு தரம் வந்தால் போதும், மிச்சத்தை இவள் பார்த்துக்கொள்வாள். அடுத்த பஸ்ஸிலேயே அவனோடு கிளம்பிவிடுவாள்.

"பாடுப்பா, டீச்சர் கடிக்கமாட்டாங்க" என்றார் டிரைவர்.

உன் வீட்டில் யார் யார்? கடைசி எழுத்தை இதுவரை இழுக்காத நீளத்துக்கு இழுத்தாள்.

தம்பி எழுந்தான். முதல் துண்டுக்கு வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. தாளம் அவனுக்காக நிற்கவில்லை. இரண்டாவது துண்டில் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டான்.

அப்பா இருக்கார், நான் இருக்கேன், உன்னைத் தேடினோம்.

உட்கார்ந்துவிட்டான். மைக்கை அணைக்கத் தெரியாமல் நெஞ்சோடு பிடித்திருந்தான். அவன் மூச்சு கூடம் முழுக்கக் கேட்டது.

நல்ல கூட்டம் அது. யாரும் சொல்லித்தரவில்லை. அவன் காலியாக விட்ட இடத்தில் வெறுமனே ஒரு தட்டுத் தட்டிவிட்டு, மீதியை எடுத்துப் பாடியது. ஒரு தட்டு. அப்பா இருக்கார், நான் இருக்கேன், உன்னைத் தேடினோம். அந்தக் காலி இடம் பிடித்துப்போய், கேட்காமலே இன்னொரு முறை பாடியது. இந்தத் தடவை தட்டு இன்னும் பலமாக விழுந்தது.

அவள் கையும் தட்டிக்கொண்டிருந்தது. பழகிய கை.

பூனைக்காரப் பெண்மணி அன்பாகத்தான் சொன்னாள்.

"தம்பி முதல் வார்த்தையை முழுங்கிட்டார் டீச்சர். இன்னொரு தடவை கேளுங்க."