அடிமெத்தைப் பஞ்சு

அடுக்கின் அடியில் கிடந்த மெத்தையை முஹய்யோ உருவியதும் அவள் புருஷன் ரவ்ஷான் பாதி எழுந்துவிட்டான்.

மேலே அத்தனை மெத்தை இருக்க, அதைத்தானா எடுக்க வேண்டும்?

ஆனால் வந்திருப்பது அவள் அம்மா. மார்கிலானிலிருந்து நமங்கான் வரை பஸ்ஸில் குலுங்கி வந்திருக்கிறாள். மகளின் சீருக்காகத் தன் கையாலேயே பஞ்சடைத்துத் தைத்த மெத்தை அது. அதில் உட்காரவைக்காமல் வேறு எதில் உட்காரவைப்பார்கள்?

அந்த மெத்தையின் ஒரு மூலையில் பஞ்சே கிடையாது. அது போன இடம் ரவ்ஷானுக்கு மட்டும்தான் தெரியும்.

வேப் என்ற மின்சிகரெட்டை இழுப்பதை விட்டுவிட்டதாக ரொட்டியைத் தொட்டுச் சத்தியம் செய்திருந்தான். அப்புறமும் ஒருநாள் அவன் சட்டைப் பையில் வேப்புக்குப் போடும் கடைப் பஞ்சு சிக்கியது. முஹய்யோ கத்தவில்லை.

"இன்னொரு தடவ பாத்தேன், என் மெத்தையெல்லாம் வண்டில ஏத்திக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிடுவேன்."

சீரோடு போகிற பெண் திரும்பி வருவதில்லை. அவள் சொன்னால் செய்கிறவள் வேறு. அவள் இல்லாத வீட்டை நினைத்தாலே ரவ்ஷானுக்குத் தூக்கம் போய்விடும்.

அதனால் கடைப் பஞ்சு வாங்குவதை நிறுத்தினான். வேப்பை நிறுத்தவில்லை.

பஞ்சில்லாமல் வேப் ஓடாது. கம்பிச் சுருளுக்குள் பஞ்சைத் திரியாகக் கோத்துவிட வேண்டும். அது திரவத்தை உறிஞ்சிக் கொடுக்கும், கம்பி சுடும், ஆவி வரும். இறுக்கித் திணித்தால் திரவம் ஏறாமல் பஞ்சு கருகித் தொண்டையைப் பிடுங்கும். தளர விட்டால் ஒழுகும். அடிமெத்தைப் பஞ்சைக் கொதிநீரில் அலசிக் காயவைத்தாலோ, அடடா, என்ன பதம். கடையில் விற்பது ஜப்பான் பஞ்சாம், பொல்லாத பஞ்சு. நம்ம ஊர்ப் பஞ்சுக்கு முன்னால் நிற்குமா அது?

அந்த ருசியில் கிள்ளிக் கிள்ளி எடுத்ததில் மூலை காலிப் பையாகிவிட்டது.

மாமியார் சரியாக அந்த மூலைக்கே போனாள். உட்காருவதற்கு முன்னால் தட்டிப் பார்த்தாள். ரவ்ஷான் கண்ணை மூடிக்கொண்டான்.

"பாத்தீங்களா மாப்பிள்ளை, இத்தனை வருஷமாச்சு, நான் அடைச்ச பஞ்சு இம்மிகூட அமுங்கல."

கண்ணைத் திறந்தான். மூலை கும்மென்று புடைத்திருந்தது.

அப்பாடா என்றிருந்தது. யார் செய்த புண்ணியமோ என்று குனிந்து பார்த்தான். மெத்தை முழுக்க மாமியாரின் வெள்ளை நூல். அந்த மூலையில் மட்டும் பச்சை நூலில் நெருக்கி நெருக்கித் தைத்திருந்தது. பச்சை நூல் முஹய்யோவின் டப்பாவில்தான் இருக்கும்.

காலையிலிருந்து அவன் வேப்பைக் காணோம். ஆட்டுக்கொட்டகையிலிருந்து பழைய பூட்ஸ் வரைக்கும் தேடியாயிற்று.

உட்கார்ந்த மாமியார் இப்படியும் அப்படியும் நெளிந்தாள். "ஏண்டி, உள்ள ஏதோ கட்டியா குத்துதே. பருத்திக்கொட்டை தங்கிடுச்சோ?"

"இருக்கும்மா. இனிமே வெளிய வராது, இறுக்கித் தச்சிருக்கேன்," என்றாள் முஹய்யோ, அவனைப் பார்க்காமலே.

தேநீர்க் கெண்டியை எடுத்தாள். ரவ்ஷானின் கண் அதன் மூக்கிலேயே நின்றது. வேண்டியவர்களுக்குப் பாதிக் கிண்ணம்தான் ஊற்றுவார்கள், திரும்பத் திரும்ப ஊற்றலாமே என்று. விளிம்பு வரை ஊற்றினால், குடித்துவிட்டு இடத்தைக் காலி பண்ணு என்று அர்த்தம்.

அம்மாவுக்குப் பாதி ஊற்றினாள்.

அப்புறம் அவன் கிண்ணம். பாதி வந்தது. அவள் நிறுத்தவில்லை. முக்கால் ஆனது. அப்போதும் ஊற்றிக்கொண்டுதான் இருந்தாள்.

விளிம்புக்கு ஒரு விரற்கடை இருக்கும்போது கெண்டியை நிமிர்த்தினாள்.