வசதிக் கட்டணம்

“வசதிக் கட்டணமோ? ஆரின்ர வசதிக்கு?”

அனுஷியா டீச்சரின் குரல் உட்துறைமுக வீதியின் இரு கரைக்கும் கேட்டது. வரிசையில் நின்றவர்கள் உள்ளூர மகிழ்ந்தார்கள். வெயிலில் காத்து நிற்பவர்களுக்கு அடுத்தவரின் சண்டை ஒரு நிழல்.

சனிக்கிழமை கடற்கரை மைதானத்தில் இசை நிகழ்ச்சி. அதற்கான டிக்கட்டுகளைத் தமது போன் ரீலோட் கடையில் விற்றுக்கொண்டிருந்தார் கிண்ணியாவைச் சேர்ந்த பரீதா.

“டிக்கட் ரெண்டாயிரம் டீச்சர். வசதிக் கட்டணம் முந்நூறு. கொம்பனி அனுப்பின தாளில அப்பிடித்தான் போட்டிருக்கு.”

“போனில வாங்கப் போனன். சேவைக்கு ஒண்டு, கையாளுறதுக்கு ஒண்டு, வசதிக்கு ஒண்டு எண்டு வால் நீண்டுகொண்டே போகுது. வேண்டாமெண்டு நேரில வந்தால் இஞ்சயும் வசதியோ? குடையைப் பிடிச்சுக்கொண்டு வேர்த்து ஒழுகி நிக்கிறன். இதில எது வசதி? ஒரு சதமும் கட்டமாட்டன்!”

“விடாதேங்கோ டீச்சர்!” என்று பின்னாலிருந்து உற்சாகப்படுத்தினார் கனகசுந்தரம். இரண்டு லொறிகளின் சொந்தக்காரர்.

அனுஷியாவின் பார்வை, தமக்கு முன்னால் டிக்கட் வாங்கிவிட்டு அருகில் நின்ற, சல்லிக் கிராமத்து மீனவர் இராசதுரையின் மீது விழுந்தது.

“இவரிட்ட ரெண்டு டிக்கட்டுக்கு நாலாயிரந்தான் வாங்கினீங்கள். நான் பார்த்தனான். ஏன், சொந்தக்காரரோ?”

“சல்லி இராசதுரை அண்ணன் எனக்கு எப்பிடி டீச்சர் சொந்தம்?” பரீதா சிரித்துவிட்டார். “அவருக்கு வசதி இல்ல. அதான் வாங்கல்ல.”

“என்ன?”

“வசதி உள்ள ஆக்களிட்ட வாங்கிறதுதானே வசதிக் கட்டணம்? எல்லாரிட்டயும் கேட்டுத்தான் வாங்கிறன், வசதியா இருக்கிறீங்களா எண்டு. இல்லையெண்டா விட்டிருவன்.”

“என்னட்டக் கேக்கேல்லையே?”

“டீச்சரிட்டப் போய் அதைக் கேக்கிறது மரியாதையா?”

வரிசை சிரித்தது. அனுஷியா சிரிக்கவில்லை. உயர்தர வகுப்பிற்குத் தமிழ் கற்பிப்பவர். பிழையான பொருளை நடுவீதியில் கண்டாலும் திருத்தாமல் நகர்பவர் அல்லர்.

“அதில்லை கருத்து, பரீதா. நாங்கள் அலையாமல், சுகமாக டிக்கட் எடுக்க வழி செய்து தாறாங்களாம். அந்த வசதிக்கு எடுக்கிற காசு. ஏழை, பணக்காரர் எண்டு பேதமில்லை. எல்லாரிட்டயும் அறவிடுவாங்கள்.”

பரீதாவின் முகம் வெளுத்தது. “அல்லாஹ்! அப்ப விட்டதெல்லாம் நான் கட்டணுமா? இதில எனக்குக் கிடைக்கிறதே தேத்தண்ணிக் காசுதான்.”

இராசதுரை சட்டைப் பைக்குள் வைத்த டிக்கட்டுகளை வெளியே எடுத்தார்.

“தங்கச்சி, இன்னும் அறுநூறு கேட்டால் என்னட்ட இல்லை. ஒண்டைத் திருப்பி எடுங்கோ. மனுசி உள்ளுக்குப் போகட்டும். நான் மதிலுக்கு வெளியில நிண்டு கேக்கிறன். பாட்டு மதிலுக்கு மேலால வரும்தானே.”

“பெலத்துச் சொல்லாதை. அதுக்கும் ஒரு கட்டணம் போடுவாங்கள்” என்றார் கனகசுந்தரம்.

இந்தத் தறுவாயில் கழுத்தில் அட்டை தொங்க மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான் அப்ராஸ். அந்தக் கொம்பனியின் அலுவலர். ஒரு காலத்தில் அனுஷியாவின் மாணவன்.

“ராத்தா, டிக்கட் நல்லாப் போயிருக்கு. வசதிக் கட்டணம் மட்டும் கால்வாசிதான் வந்திருக்கு. மிச்சம் எங்க?”

பரீதா கொம்பனித் தாளை எடுத்து மறுபடி வாசித்துப் பார்த்தார்.

“கைக்காசு போட்டாவது நீங்கதான் நிரப்பணும். இல்லாட்டி டிக்கட் விக்கிறத வேற கடைக்குக் குடுத்திருவாங்க. வசதிக் கட்டணம் எண்டா என்ன எண்டு கூடத் தெரியாதா?” சுற்றிப் பார்த்தவன் மலர்ந்தான். “டீச்சர்! நீங்களே இவங்களுக்கு விளங்கப்படுத்துங்க. அதுக்கு என்ன கருத்து?”

அனுஷியா குடையை மடக்கினார்.

“வசதி உள்ளவர்கள் கட்டவேண்டிய கட்டணம். வேற கருத்து இல்லை.”

பரீதா திடுக்கிட்டு நிமிர்ந்தார். கனகசுந்தரத்தின் மோதிரக் கை மெல்லக் காற்சட்டைப் பைக்குள் போய் ஒளிந்தது.

“அப்பிடி இல்லையே டீச்சர்...”

“பிறகு எப்பிடி? இந்தச் சனத்துக்கு நீங்கள் செய்து குடுத்த வசதி என்னெண்டு பெலத்துச் சொல்லு. கதிரை போட்டியளோ? ஒரு மிடறு தண்ணி குடுத்தியளோ? சொல்லு, கேட்டிட்டு எல்லாரும் கட்டுறம்.”

அப்ராஸ் சனத்தைப் பார்த்தான். சனமும் அவனைப் பார்த்தது.

“சொல்ல ஏலாதெல்லோ? அப்ப பரீதா விளங்கிக்கொண்டதுதான் சரி. பொருள் சொல்லாமல் சொல்லை மட்டும் அச்சடிச்சு அனுப்பினது உங்கட கொம்பனி. அதுக்கு இவா தண்டம் கட்டமாட்டா. உன்ர மேலதிகாரிக்குப் போனைப் போடு, நான் கதைக்கிறன்.”

“அவருக்குத் தமிழ் ஏலா டீச்சர்.”

“அப்ப என்ர கருத்து பிழையெண்டு சொல்லவும் அவருக்கு ஏலாது.”

அப்ராஸ் நெற்றியைத் துடைத்தான்.

“சரி. தாளில விளக்கம் இல்லையெண்டு நான் எழுதி அனுப்புறன். ராத்தாவிட்ட ஒண்டும் கேக்கமாட்டம். கட்டணம் கட்டாதவங்கட டிக்கட்டும் அப்பிடியே இருக்கட்டும்.”

இராசதுரை டிக்கட்டுகளை மறுபடி பைக்குள் வைத்து, அவற்றின் மேல் உள்ளங்கையையும் வைத்துக்கொண்டார்.

வரிசை நகர வேண்டும். அடுத்த ஆள் அனுஷியாதான். அப்ராஸ் இன்னும் பக்கத்தில் நின்றான். பரீதா தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“டீச்சர்... நீங்க... வசதியா இருக்கிறீங்களா?”

வீதியே காது கொடுத்தது. அனுஷியா கைப்பையைத் திறந்தார்.

“ஓம் பரீதா, நல்ல வசதியாத்தான் இருக்கிறன். ரெண்டு டிக்கட், அறுநூறையும் சேர்த்து எடுங்கோ.”