மேலும் கீழும் எனக்கே

தோற்றுவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் ஜானகிராமன் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை தேவதாஸ் வீட்டுக் கூடத்தில் சீட்டாட உட்கார்ந்தார்.

பண்டகசாலையில் எழுத்தர் அவர். ஐம்பத்திரண்டு வயதுவரை சீட்டைத் தொட்டதில்லை. சாரம் பகுதிக்கு வந்ததே மகனுக்குப் பெண் கேட்கத்தான்.

பெண்ணின் அப்பா தேவதாஸ் ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோன், அல்ஜீரியா என்று சுற்றிவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர்.

எழுபத்தெட்டாம் வருஷம் புதுச்சேரியில் சொல்தா வீட்டுப் பெண் என்றால் முறையெல்லாம் தலைகீழ். பெண்ணோடு பாஸ்போர்ட் வரும். பாஸ்போர்ட்டோடு பாரிஸ் வரும். ஆகவே குனிய வேண்டியது மாப்பிள்ளை வீடு.

"பொண்ணு விஷயம் அப்பறம் பேசலாம். முதல்ல நாலு கை ஆடுவோம்" என்றார் தேவதாஸ். மூன்றாவது ஆளாகப் பக்கத்து வீட்டுக் கண்ணையனைக் கூப்பிட்டுக்கொண்டார்.

பந்தயம் தீக்குச்சி. ஆளுக்கு ஐந்து சீட்டு. எல்லாரிலும் பெரிய கைக்குப் பாதிக் குவியல், எல்லாரிலும் சின்ன கைக்கு மீதிப் பாதி.

சீட்டைக் காட்டும் முன் முஷ்டியை நீட்ட வேண்டும். உள்ளே ஒரு குச்சி இருந்தால் பெரிய கைப் பாதியான 'மேல்' கேட்கிறான். வெறுங்கை என்றால் சின்ன கைப் பாதியான 'கீழ்'. இரண்டு குச்சி என்றால் மேலும் கீழும் தனக்கே என்கிறான். அதில் ஒன்று தவறினாலும் அவனுக்கு ஒன்றுமில்லை.

முதல் கையில் ஜானகிராமனுக்கு வந்ததெல்லாம் குப்பை. நிம்மதியாக வெறுங்கையை விரித்தார். குப்பைக்குப் பாதிக் குவியல் கிடைத்தது.

இரண்டாம் கையிலும் குப்பைதான். இந்த முறை உஷாராக ஒரு குச்சி வைத்தார். மற்ற இருவரும் வெறுங்கையை விரித்தார்கள். மேல் கேட்க வேறு ஆளில்லாததால் அந்தப் பாதியும் அவருக்கே வந்தது.

இந்த ஆட்டத்தில் ஒரு மனுஷன் தோற்கக்கூட முடியாதா என்று அவருக்கு வேர்த்தது.

மூன்றாம் கையில் சீட்டைப் பார்க்காமலே கவிழ்த்துவைத்தார்.

"பாக்காம கவுக்குற ஆளு எங்க பட்டாளத்து ரெஜிமான்ல நிக்க முடியாது, சார்" என்றார் தேவதாஸ். குரல் உயரவில்லை. இனிக் கவிழ்த்துத் தோற்கவும் வழியில்லை.

நான்காம் கை. குவியல் பெரிதாகிவிட்டிருந்தது. தன் சீட்டைப் பார்த்தார். நாலு, ஆஸ், ரெண்டு, அஞ்சு, மூணு. ஒரு ஜோடி இல்லை, ஒரு ராஜா இல்லை. பார்க்கவே பரிதாபமாக இருந்தது.

தோற்க ஒரே வழிதான் மிச்சம். இரண்டு குச்சியை எடுத்து முஷ்டிக்குள் வைத்துக்கொண்டார்.

மூன்று கைகளும் விரிந்தன. கண்ணையனிடம் ஒன்றுமில்லை. தேவதாஸிடம் ஒன்று. ஜானகிராமனிடம் இரண்டு.

தேவதாஸ் மூன்று ராஜாக்களைப் போட்டார். ஜானகிராமன் சங்கோஜத்துடன் தன் சீட்டைக் கீழே வைத்தார்.

தேவதாஸ் குனிந்து அவற்றை ஒழுங்காக அடுக்கினார். ஆஸ், ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு.

"வரிசையா அஞ்சு. என் மூணு ராஜாவுக்கும் மேல" என்றார் மெதுவாக. "இதைவிடச் சின்ன கையும் கிடையாது. ரெண்டும் உங்களுதுதான்."

ஜானகிராமன் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார்.

தேவதாஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"உங்களுக்கு முன்ன எட்டு பேரு பொண்ணு கேட்டு வந்தானுங்க. எட்டு பேரும் எங்கிட்ட வேணும்னே தோத்தானுங்க. பிரான்சுக்கு ஆசப்பட்டு வந்தவன் தோப்பான், சார். நீங்க ஒருத்தருதான் ஜெயிக்கணும்னு ஆடுனீங்க. எம்பொண்ணு ஜெயம் உங்க வூட்டு மருமவ."

உள்ளேயிருந்து ஜெயம் காபித் தட்டோடு வந்தாள். பள்ளிக்கூட டீச்சர். வந்தவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"பாஸ்போர்ட்டப் பத்தி இவரு ஒரு வார்த்தகூட கேக்கலியேப்பா" என்றாள்.

"இருந்தாத்தானே கேக்கறதுக்கு" என்று தேவதாஸ் சிரித்தார். "அறுபத்திரெண்டுல எல்லாரும் பிரான்சுக் குடியுரிமை வேணும்னு எழுதிக் குடுத்தப்போ நான் மாட்டேன்னுட்டேன். பென்ஷன் மட்டுந்தான் அவங்களுது. நாங்க எல்லாரும் இந்தியாதான்."

கண்ணையன் எழுந்துவந்து ஜானகிராமனின் தோளைத் தட்டினார்.

"நல்லதாப் போச்சு" என்றார் ஜானகிராமன். அந்தக் குரல் அவருக்கே அடையாளம் தெரியவில்லை.

அதே நேரம் உழவர்கரையில் ஜானகிராமன் வீட்டில் அவருடைய மகன், கடன் வாங்கிய கோட்டைப் போட்டுக்கொண்டு, கண்ணாடி முன்னால் நின்று, பிரெஞ்சில் போன்ழூர் என்று வணக்கம் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தான்.