விளக்கு அணைந்தவர் எழுந்து போகவும்

நார்பர்ட் வாயைத் திறக்கக் கூடாது. அதுதான் பேச்சு.

வீடு அவருடையது, சாப்பாட்டு மேஜை அவருடையது, மேஜைமேல் நடக்கிற ஆட்டமும் அவர் எழுதியது. இருந்தும் மூலையில் ஒரு நாற்காலி போட்டு, மடியில் சீஸ் துண்டுகள் இருந்த தட்டை வைத்துக்கொண்டு, டாக்டர் கூப்பிடக் காத்திருப்பவர்போல உட்கார்ந்திருந்தார்.

ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, பகடை உருட்டி, கதை பேசியே ஆடுகிற ஆட்டம் அது. எழுதி முடித்ததும் முன்பின் தெரியாதவர்களிடம் புத்தகத்தைக் கொடுத்து, அவர்களாகவே படித்து ஆடுவதைப் பார்க்க வேண்டும். எழுதியவர் மூச்சு விடலாம், விளக்கம் சொல்லக் கூடாது. நாளைக்குக் கடையில் வாங்கிப் போகிறவர்கள் வீட்டுக்கெல்லாம் நார்பர்ட் ஓடிக்கொண்டிருக்க முடியுமா?

இன்று தேறினால் அச்சுக்குப் போகும். நடுவில் ஒரு வார்த்தை பேசினாலும் எல்லாம் பாழ். மறுபடி புது ஆட்கள் தேட வேண்டும்.

அமெரிக்காவின் ஷெபாய்கன் ஊரில் அவர் இதற்கென்று பிடித்து உட்கார வைக்காத ஆட்கள் அநேகமாக மிச்சமில்லை. தபால்காரர் கடிதத்தைப் போட்டுவிட்டு ஓட்டமாக ஓடுவதை எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தவர்கள் உண்டு.

இன்று சிக்கியவர்கள் மூன்று பேர். பல் டாக்டரிடம் வேலை பார்க்கும் மாய், அவள் கணவன் டூ, சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டும் டேரல். அதுவும் டிவியில் ஊரே பார்க்கும் பேக்கர்ஸ் அணியின் கால்பந்து ஆட்டம் ஓடுகிற ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நார்பர்ட்டின் மனைவி லாவோன் செய்யும் செர்ரி கேக்கைப் பற்றி யாரோ அவர்கள் காதில் போட்டிருக்க வேண்டும்.

லாவோன் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. மேஜையில் பகடை உருண்டால் அந்தப் பக்கமே தலைகாட்ட மாட்டார். ஆட்டம் என்றாலே அவருக்கு ஆகாது என்பது தெருவின் தீர்ப்பு.

மாய்தான் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஆட்டத்தை நடத்தினாள். பெரிய ஏரி. பனிமூட்டம். ஆளுக்கொரு படகு, படகுக்கொரு விளக்கு. நீலக் கண்ணாடி மணிகள்தான் எண்ணெய்.

"இது என்னவோ காத்து பத்தி. நாலு பக்கத்துக்குப் போகுது," என்று புரட்டினாள். "விடுங்க, காத்து அடிக்குதுன்னு வெச்சுக்குவோம்."

அந்த நாலு பக்கத்துக்கு நார்பர்ட் ஒரு குளிர்காலத்தையே கொடுத்திருந்தார்.

சீஸ் துண்டு ஒன்றை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டார். அன்று காலை செய்த சீஸ்; புதுசாக இருக்கும்வரை கடித்தால் சத்தம் போடும் வகை. பல்லில் பட்டதும் கீச்சென்றது.

டேரல் திரும்பிப் பார்த்தான். "சார் கீச்சுன்னா நாம தப்பா ஆடறோம்னு அர்த்தமா?"

"அவரைப் பாக்காதீங்க. அவர் இங்க இல்ல," என்றாள் மாய்.

கீச்.

படகுகளை ஒன்றோடொன்று கட்டினார்கள். கீச். பகடையை இரண்டாம் தடவை உருட்டினார்கள். கீச், கீச். படித்தவர்கள்தானே, எழுதியிருப்பதைப் பார்த்து ஆடினால் என்ன குறைந்துவிடும்?

கடைசியில் டேரலின் மணிகள் தீர்ந்தன. நார்பர்ட் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் காத்திருந்த இடம் இது. விளக்கு அணைந்தவர் மேஜையை விட்டு எழுந்து போக வேண்டும். ஏரியில் ஒவ்வொருவரும் தனி. ஆட்டத்தின் உயிரே அந்த ஒரு விதிதான்.

டேரல் நாற்காலியைப் பின்னால் தள்ளினான்.

அதுவரை வாயே திறக்காத டூ, தன் மணிகளில் பாதியை அவன் பக்கம் நகர்த்தினான். "உக்காருங்கண்ணே. என்கிட்ட இருக்கு."

"அப்படிக் குடுக்கலாமா?"

மாய் முன்னும் பின்னும் புரட்டினாள். "குடுக்கக் கூடாதுன்னு எங்கயும் போடலயே."

அதைப் போய் யாராவது எழுதுவார்களா! நார்பர்ட் மூன்று துண்டுகளை ஒன்றாக அடைத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் அந்த மேஜையில் நடந்தது வேறு ஆட்டம். மணிகள் கைமாறிக்கொண்டே இருந்தன. டேரல் எழுந்து நின்று, இல்லாத துடுப்பைப் போட்டான். டூவின் விளக்கு அணையப் போனபோது, கடன்பட்டவன்போலத் தன் கடைசி மணியை அவனிடம் நீட்டினான். மூன்று படகுகளும் கரை சேர்ந்தபோது மாய் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பேக்கர்ஸ் என்ன ஆனார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

"முடிஞ்சது. இனி நீங்க பேசலாம் சார்," என்றாள்.

"அந்த எண்ணெய் குடுக்கற விஷயம் இருக்கே, அபாரம் சார்," என்றான் டேரல். "எப்படித் தோணிச்சு?"

நார்பர்ட் வாயிலிருந்ததை விழுங்கினார். மூவர் முகத்தையும் ஒருமுறை பார்த்தார்.

"அதைப் பிடிக்கத்தான் இத்தனை வருஷம் ஆச்சு," என்றார். கூச்சமே இல்லை.

கேக்கோடு வந்த லாவோன் சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை நீங்களும் ஒரு படகு எடுத்துக்குங்க ஆன்ட்டி," என்றாள் மாய். "நாலு பேர்னா இன்னும் நல்லா இருக்கும்."

"நான் ஆடியிருக்கேம்மா." லாவோன் கேக்கை மேஜையில் வைத்து வெட்ட ஆரம்பித்தார். "இவர் எழுத ஆரம்பிச்ச புதுசுல, முதல் முதல்ல என்னோடதான் ஆடிப் பாத்தார். இவர் விளக்கு அணைஞ்சு போச்சு. என் எண்ணெய்ல பாதியைத் தள்ளினேன். விதி தெரியாதவளோட ஆட முடியாதுன்னு என்னை எழுப்பி விட்டுட்டார்."

டூவுக்குப் பெரிய துண்டாக வைத்தார்.

எல்லோரும் நார்பர்ட்டைப் பார்த்தார்கள். இப்போது அவர் பேசலாம். தடை ஏதும் இல்லை.

தட்டில் ஒரே ஒரு சீஸ் துண்டு மிச்சம் இருந்தது. அதை எடுத்து மெதுவாக வாயில் போட்டுக்கொண்டார்.

கீச்சென்றது.