ஸ்டுட்கார்ட்டிலிருந்து ஒருவர்

ஸ்டுட்கார்ட்காரன் இன்றும் வந்து போயிருந்தான்.

பல்கூடத் துலக்கவில்லை. அதற்குள் மடிக்கணினியைத் திறந்து, மனைவியின் வலைப்பக்கத்துக்கு யார் வந்தார்கள் என்று பார்த்துவிட்டான் அவன். பட்டியலில் அதே ஐ.பி. எண் முகவரி, அதே ஜெர்மன் ஊர்.

ஊர் மட்டும்தான் தெரிந்தது. ஆள் தெரியவில்லை.

ஆளை அவனே ஊகித்துப் போட்டுக்கொண்டான். இளம்பரிதி.

அவன் மனைவி சசிரேகாவோடு கல்லூரியில் படித்தவன் இந்த இளம்பரிதி. கல்யாணத்துக்கு வந்து, அவள் கையில் ஒரு பேனாவைக் கொடுத்துவிட்டு ஜெர்மனிக்குப் போனவன். எல்லோரும் குக்கரும் சுவர்க் கடிகாரமும் கொடுத்த கல்யாணத்தில் பேனா கொடுத்தவனை எந்தப் புருஷன் மறப்பான்?

சசி வேலைக்குப் பேருந்தில் போகிறவள். சரவணம்பட்டியில் ஏறி காந்திபுரத்தில் இறங்குவதற்குள் கண்ணில் பட்டதை எழுதுவாள். அதற்கென்று இலவசமாக ஒரு வலைப்பக்கம் வைத்திருந்தாள்.

“படிச்சீங்களா?” என்று ஆரம்பத்தில் கேட்பாள்.

“ம், நல்லாருக்கு” என்பான்.

திருமண நாளுக்கு அந்தப் பக்கத்துக்காக அழகான எழுத்துரு ஒன்றை வாங்கிக் கொடுத்தான். ‘ழ’வின் சுழியைப் பார்த்துச் சொக்கிப்போனாள் அவள். எந்த நிரல் வரியைச் சேர்த்தால் எழுத்து மாறும் என்று பக்கத்தில் உட்கார்ந்து காட்டியும் கொடுத்தான்.

எழுத்துருவைத் தன்னுடைய சர்வரில் வைத்திருந்ததை மட்டும் சொல்லவில்லை.

யார் அவள் பக்கத்தைத் திறந்தாலும் எழுத்து அங்கிருந்துதான் போகும். போகும்போது, கேட்டவரின் முகவரி அங்கே பதிவாகிவிடும். படிப்பவரின் கணினியில் ஒருமுறை இறங்கினால் போதும் என்று விட்டிருக்கலாம். விடவில்லை. ஒவ்வொரு முறையும் புதிதாக இறங்கும்படி செய்துவைத்தான்.

பரிசு என்ற பெயரில் வாசலில் ஒரு காவல்காரனை உட்கார வைத்தாயிற்று.

பொறாமைதான். வேறு பெயர் சொல்லிப் பூசி மெழுக முடியாது. அப்படி என்னதான் எழுதுகிறாள், ஒருவன் கடல் கடந்து தினமும் வந்து படிக்க? வயிறு எரிந்தது. வந்தவனை எண்ணி எண்ணியே எரிந்தது. ஸ்டுட்கார்ட்டில் மழையா வெயிலா என்றுகூடப் பார்த்துவைத்துக்கொண்டான். மழையென்றால் ஓர் அற்ப சந்தோஷம்.

வேடிக்கை என்னவென்றால், அலுவலகத்தில் அந்த வாரம் அவனுக்கு நேர்மாறான வேலை. ஜெர்மனியில் ஒரு ரொட்டிக்கடை. அதன் இணையதளத்துக்கு எழுத்துரு வெளியே இன்னொரு நிறுவனத்தின் சர்வரிலிருந்து வந்துகொண்டிருந்தது. அதை நிறுத்தி, கடையின் சொந்த சர்வருக்கே கொண்டுவந்து சேர்த்தான்.

சாப்பிடும்போது அந்தப் பெருமையை அளந்தான்.

“ரொட்டி பாக்க வந்தவங்க முகவரியை, அவங்களைக் கேக்காம இன்னொருத்தருக்குக் குடுக்கக் கூடாது சசி. அங்க அதுக்குச் சட்டமே இருக்கு.”

சசி தோசையைத் திருப்பிப் போட்டாள்.

“எம்பட பக்கத்துக்கு எழுத்து எங்கிருந்துங்க வருது?”

தோசையை விண்டு சட்னியில் இரண்டு முறை தோய்த்தான்.

“அது... தானா வருது.”

அவள் அவனை ஒரு முறை பார்த்தாள். அடுப்பை அணைத்தாள்.

மறுநாள் காலை ஸ்டுட்கார்ட்காரன் வரவில்லை.

ஒழிந்தான் என்று மனம் ஒரு துள்ளு துள்ளியது.

பிறகுதான் கவனித்தான். வழக்கமாக வரும் சேலம் இல்லை. தென்காசி இல்லை. பட்டியலில் யாருமே இல்லை.

கைபேசியில் அவளுடைய பக்கத்தைத் திறந்தான். ‘ழ’வில் அந்தச் சுழியைக் காணோம். எல்லாக் கைபேசியிலும் முன்பே இருக்கிற சாதாரண எழுத்து. அவன் காட்டிக்கொடுத்த அந்த வரியை அவள் அழித்திருந்தாள்.

இனி யார் வந்தாலும் தெரியாது. ஸ்டுட்கார்ட்காரன் யார் என்பதும் தெரியப்போவதில்லை.

செய்வதற்கு வேறு ஒன்றும் இல்லாமல், முதல்முறையாகப் படிக்க ஆரம்பித்தான்.

மடியில் பூ கட்டிக்கொண்டே வந்து, இறங்கும் இடத்தில் சரியாக முழத்தை முடிக்கிற பெண். சில்லறை இல்லாதவர்களை வரிசையாகத் திட்டிவிட்டு, கடைசியில் தன் பையிலிருந்தே போட்டுக்கொள்ளும் நடத்துனர். ஓர் இடத்தில் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன்மீதே அவனுக்குக் கோபமும் வந்தது. இன்னும் கீழே போனான்.

கடைசியில் இருந்தது, அவள் எழுதிய முதல் குறிப்பு.

கல்யாணமான புதிதில் இருவரும் பேருந்தில் போகிறார்கள். புதுப் புருஷன் அவள் தோளில் சாய்ந்து தூங்கிவிடுகிறான். காந்திபுரம் வருகிறது. அவள் எழுப்பவில்லை. உக்கடம் வரை போய், அதே பேருந்தில் திரும்பி வருகிறாள். அவன் கண் விழித்து, அதற்குள் வந்துவிட்டோமா என்கிறான்.

கீழே ஒரு வரி.

‘இதை ஒருவர் படித்தால் போதும். அவர் பக்கத்து அறையில்தான் இருக்கிறார்.’

எழுந்து சமையலறைக்குப் போனான். சசி சாப்பாட்டு டப்பாவில் தயிர்சாதத்தை அடைத்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

வந்தேன், படித்தேன் என்று காட்ட அவனிடம் எந்தப் பதிவும் இல்லை.

“உக்கடம் போய்த் திரும்பினோமே, அன்னிக்குத் தோள் ரொம்ப வலிச்சுதா?”

மூடியைத் திருகிக்கொண்டிருந்த கை நின்றது. அவள் முகம் மலர்வதற்காகக் காத்திருந்தான். ஒரு கணம் மலரத்தான் செய்தது.

“அப்போ இப்பத்தான் படிக்கறீங்களா?” என்றாள்.

டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டு, பேருந்துக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பினாள்.