லூசியின் சர்நேம்

தான் குடியிருக்கும் பாம்பூஃப்ளாட்டிலிருந்து சாத்தாம் தீவுக்கு வருகிற காலை ஃபெர்ரியில், சிசிலியா மகளுக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"யாராவது அப்பா பேரு கேட்டா என்ன சொல்லணும்?"

"அந்தோணிமுத்து."

"சமத்து."

"யாரும்மா அது?" என்றாள் ஆறு வயசு லூசி.

சிசிலியா கடலைப் பார்த்துக்கொண்டாள். நிஜ அப்பன் மெயின்லேண்டுக்குக் கப்பலேறி அஞ்சு வருஷம் ஆகிறது. அங்கே அவனுக்கு ஏற்கெனவே ஒரு குடும்பம் இருந்ததாம். போன பிறகு ஒரே ஒரு கடிதம் போட்டான். 'எம் பேரை எங்கேயும் போட்டுடாதே' என்று. மகராசன், அதை மட்டும் மறக்காமல் எழுதினான்!

அந்தப் பேர் யாருக்கு வேணும்? அதனால்தான் நேற்றுப் பள்ளிக்கூடத்து அட்மிஷன் ஃபாரத்தை, தான் எட்டாவது வரை படித்த இங்கிலீஷில் தானே நிரப்பி, 'சர்நேம்' என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருந்தாள்.

பள்ளிக்கூடத்து கிளார்க் பக்தவத்சலம் அந்தக் கட்டத்தைத் தட்டிக் காட்டினார். "சர்நேம் எங்கேம்மா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் பின்னால் நின்ற காண்ட்ராக்டர் ஜெகநாதன் திறந்தார். "நம்மாளுங்களுக்கு வேற என்ன சர்நேம்? அப்பன் பேரைப் போடு தங்கச்சி. ஏன், பேரு ஞாபகம் இல்லையா?"

வரிசையில் நாலு பேர் சிரித்தார்கள்.

பக்தவத்சலம் ஃபாரத்தைத் தூக்கி அவள் பக்கம் எறிந்தார். "அரைகுறை ஃபாரமெல்லாம் வாங்கறதுக்கில்லை. போம்மா, நாளைக்கு வா!"

அத்தனை பேர் முன்னாலே! நாசமாய்ப் போகிற மனுஷன் என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போனாள். இன்றைக்கு அட்மிஷனுக்குக் கடைசி நாள். பேர் இல்லையென்றால் லூசிக்குப் பள்ளிக்கூடம் இல்லை. அதனால்தான் இந்த அந்தோணிமுத்து.

பள்ளிக்கூட வராந்தாவில் ஏறும்போதே சண்டைச் சத்தம். ஜெகநாதன் மேஜையைக் குத்திக்கொண்டிருந்தார்.

"எம் பையனுக்கு சர்நேம் ஜெகநாதன்னு நேத்தே எழுதிக் கொடுத்தேன். யாரைக் கேட்டுய்யா அதை அடிச்சீர்?"

"உம்மது மட்டுமில்லை. நேத்து சேர்ந்த தமிழ்ப் பிள்ளைங்க பதினோரு பேருக்கும் அடிச்சு மாத்தியாச்சு." பக்தவத்சலம் தலையை நிமிர்த்தவே இல்லை. "புது ஆர்டர். தமிழாளுங்க அந்தக் கட்டத்துல அப்பா பேரு போடக்கூடாது. குடியிருக்கிற இடத்துப் பேரைப் போடணும். நீர் குடியிருக்கிற ஏரியா டெய்ரி ஃபார்ம். முடிஞ்சது, ஆகே சலோ, நகரும்!"

"எம் பையன் டெய்ரி ஃபார்மா? அவன் என்ன மாடாய்யா?"

வரிசை கொல்லென்று சிரித்தது.

"அப்ப பிஸ்வாஸ் பையனுக்கு மட்டும் பிஸ்வாஸ்னே இருக்கு?"

"வங்காளிக்குப் பொறக்கும்போதே சர்நேம் உண்டு. நமக்கு நாமதான் தேடிக்கணும்."

"இந்தக் கதையெல்லாம் வேணாம். ஆர்டரைக் காட்டும். இல்லேன்னா நேரா ஹெட்மாஸ்டர்கிட்ட போறேன்!"

பக்தவத்சலத்தின் பேனா நின்றது. டிராயரைத் துழாவி, டைப் அடித்த ஒரு தாளை எடுத்தார். ஜெகநாதன் கை நீட்டினார். கொடுக்கவில்லை.

"உமக்கு இங்கிலீஷ் தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்சவங்க யாராவது படிக்கட்டும்."

"அப்ப அந்த அம்மா படிக்கட்டும். நேத்து ஃபாரத்தை அவங்களே இங்கிலீஷ்ல எழுதினாங்க. வாம்மா இப்படி."

போயும் போயும் தன்னைத்தானா கூப்பிட வேண்டும்? சிசிலியா முன்னால் போனாள். தாளை வாங்கினாள். முதல் வரியைப் படித்தாள். இரண்டாவது வரியையும் படித்தாள். நிமிர்ந்து பக்தவத்சலத்தைப் பார்த்தாள். அவர் மைக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியெல்லாம் வேர்வை.

"என்ன தங்கச்சி, என்ன போட்டிருக்கு?" ஜெகநாதன் அவசரப்பட்டார்.

சிசிலியா தொண்டையைச் செருமிக்கொண்டாள். தமிழில், கடைசி ஆளுக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். "தமிழ்ப் பிள்ளைங்க சர்நேம் கட்டத்துல, குடியிருக்கிற இடத்துப் பேரைத்தான் எழுதணும். அப்பா பேரை யாரும் கேட்கக்கூடாது. காண்ட்ராக்டராவே இருந்தாலும் இதான் சட்டம்."

"காண்ட்ராக்டர்னே போட்டிருக்கா?"

"போட்டிருக்கு அண்ணாச்சி."

ஜெகநாதனுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட வந்துவிட்டது. "சர்க்காரே சொன்ன பிறகு நாம என்ன சொல்ல?" என்று துண்டை உதறிக்கொண்டு போனார்.

பக்தவத்சலம் தாளை வாங்கி அவசரமாக டிராயருக்குள் போட்டுப் பூட்டினார். சிசிலியா கையிலிருந்த லூசியின் ஃபாரத்தை இழுத்துக்கொண்டார்.

"சர்நேம்?"

லூசி 'அந்தோ' என்று ஆரம்பித்தாள். சிசிலியா அவள் தோளை அழுத்தினாள்.

"பாம்பூஃப்ளாட் சார்."

எழுதினார். சீல் குத்தினார். "திங்கக்கிழமை அனுப்பு. லேட்டா வந்தா உள்ளே விடமாட்டேன்."

"சார்..." என்றாள் சிசிலியா.

"அடுத்த ஆள்!" என்று கத்தினார் அவர்.

படியிறங்கும்போது லூசி அண்ணாந்து பார்த்தாள். "ஏம்மா அழுற? அந்தத் தாள்ல அப்படி என்ன எழுதியிருந்துச்சு?"

சிசிலியா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"ரோட்டுல மாடு திரிஞ்சா புடிச்சுப் பட்டியில அடைப்பாங்களாம்டி."